திறக்கப்படாத குப்பி

என் மகளுக்கு 9 மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசிக்காக நான் சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, "இன்றைக்கு ஒரு குழந்தைதான் வந்திருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். இரண்டாம் முறை, லேசான சளியைக் காரணம் காட்டினார்கள். இரண்டு நாளும் அரை நாள் கூலி போனதுதான் மிச்சம்.

மூன்றாம் முறை ஒரு மூத்த செவிலியர் இருந்தார். பத்துத் தவணைக் குப்பியில் தூளாக வரும் அந்த மருந்தை நீர்மம் சேர்த்துக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும் என்றும், வீணானதற்குக் கணக்குச் சொல்ல அஞ்சியே பலர் குப்பியைத் திறப்பதில்லை என்றும் விளக்கினார். ஒரே குழந்தை வந்தாலும் திறந்து போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சளி ஒரு தடையே அல்ல. இதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நான் கேட்காமலேயே குப்பியின் மேல் இருந்த சிறு அடையாளத்தையும் காட்டினார். ஊதா நிற வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம். மருந்து வெப்பத்தில் கிடந்திருந்தால் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. எங்களுடையதில் சதுரம் வெளுப்பாகவே இருந்தது.

உண்மையில் நான் தடுப்பூசியையே கைவிட இருந்தவள். 6ஆம் வாரத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் முதல் தவணையைப் போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. அப்படி வரலாம் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 10ஆம் வாரத் தவணைக்குப் பயந்து தாமதமாகத்தான் போனேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பென்டாவின் முதல் தவணைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவதற்கு வரவில்லை என்பதைச் சேவையின் தரத்துக்கு ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் நானும் சேர்ந்திருப்பேன். ஆனாலும் வராத பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்றே எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இம்முறை செவிலியர் என்ன ஊசி போட்டார், என்ன வரலாம், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொன்னார். இரண்டாம் தவணைக்கான தேதியை அட்டையில் எழுதி, என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த குழந்தையை அழைத்தார்.