எட்டுப் பக்கமும் ஒரு வரியும்

மெமோவின் முதல் வரியிலேயே 'விதி 14' என்று இருந்தது. 1965-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி விதிகளில் 14 என்றால் பெரிய தண்டனைக்கான விசாரணை. டிஸ்மிஸ் வரைகூடப் போகலாம். ஸ்டோர்ஸ் என் பொறுப்பில் இருந்தபோது இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடித்தது என்பது குற்றச்சாட்டு. பதில் தர 15 நாள்.

அன்று ராத்திரியே எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தேன். மறுநாள் சங்கத்து அண்ணன் ஒருவர் என்னை ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவரிடம் கூட்டிப்போனார். டிஃபன்ஸ் அசிஸ்டென்ட்டாக, அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஊழியருக்குத் துணையாக வாதாடுபவராக, பல விசாரணைகளில் உட்கார்ந்தவர். எட்டுப் பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

"செய்யாத தப்புக்கு எதுக்குப்பா மன்னிப்பு? ஒத்துக்கிட்டான்னு எழுதிக் கோப்பை மூடிடுவாங்க."

'குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன், நேரில் விசாரிக்கப்பட விரும்புகிறேன்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

நிர்வாகத்தின் பக்கம் வாதாட பிரசென்டிங் ஆபிசர் இருப்பார். நமக்கு வக்கீல் பொதுவாகக் கிடையாது. ஆனால் பணியில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்கு இன்னமும் ஆற்றாமைதான்.

அந்தக் கண்காணிப்பாளர் ஐயாவையே எனக்குத் துணையாக வைத்துக்கொண்டேன். அனல் பறக்க வாதாடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் படித்துக்கொண்டே இருந்தார். ஆவணங்களைப் பார்வையிட்ட அன்று இருப்புப் பதிவேட்டோடு மட்டும் இரண்டு மணி நேரம். அப்புறம் என் விடுப்பு ஆணையையும் சாவிப் பதிவேட்டையும் கூடுதல் ஆவணங்களாகக் கேட்டார். இடித்த பதிவுகள் மூன்றும் நான் ஈட்டிய விடுப்பில் இருந்த 11 நாளுக்குள் விழுந்திருந்தன.

நிர்வாகத்தின் சாட்சி, தினமும் என்னோடு சாப்பிடுகிறவர். அவரைக் கிழித்துவிட வேண்டும் என்று கொதித்தேன். "அவரும் நாளைக்கு அதே ரூம்லதானப்பா உக்காரணும். பதிவேட்டைக் காட்டிக் கேப்போம், போதும்" என்றார் ஐயா. மூன்றே கேள்விகள் கேட்டார். அன்றைய விசாரணைக் குறிப்பில் சாட்சி 'தெரியாது' என்று சொன்னது 'நினைவில்லை' என்று தட்டச்சாகியிருந்தது. அதைத் திருத்திய பிறகே என்னைக் கையெழுத்துப் போடவிட்டார்.

14 மாதம் ஆனது. அதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. விசாரணை நிலுவையில் இருந்ததால் என் முடிவு மட்டும், அது முடிந்த பிறகு பிரிப்பதற்காக, மூடிய உறைக்குள் போனது. பட்டியலில் எனக்கு இளையவர் மேலே போனார். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

விசாரணை அறிக்கையின் நகல் வந்தது: நிரூபிக்கப்படவில்லை. அதன்மேல் கருத்துச் சொல்ல 15 நாள் இருந்தது. ஐயா ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுத்தார்.

இறுதி ஆணை வந்த அன்று இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் வேறு யாருடைய மெமோவோ விரிந்து கிடந்தது. "சந்தோஷம்பா. அந்த உறையைப் பிரிச்சாங்களா?"

பிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினோம்.