செம்பனையின் 17ஆவது மட்டை

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, உரம் போதுமா என்று பார்க்க இலை மாதிரி எடுப்பது 17ஆவது மட்டையில். அதற்காக ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். முழுதாக விரிந்தவற்றில் ஆக இளைய மட்டை 1. அதிலிருந்து சாய்வாக இறங்கும் வரிசையில் அடுத்தது 9, அதற்கும் கீழே 17. எட்டு எட்டாகக் கூடும். எதிர்ப்பக்கம் சாயும் வரிசையைப் பிடித்தால் பதின்மூன்று பதின்மூன்றாக. இரண்டுமே ஃபிபொனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 1, 2, 3, 5, 8, 13 என்ற வரிசையில் உள்ளவை. மட்டைக்கு மட்டை சுமார் 137.5 பாகை திரும்புவதால் வரும் கணக்கு இது. சில மரம் இடப்பக்கம் சுற்றும், சில மரம் வலப்பக்கம்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பைபிளின் 104ஆம் சங்கீதம்தான் ஞாபகம் வரும், எல்லாவற்றையும் ஞானமாய்ப் படைத்தார் என்பது.

சரி, இது கடவுளுக்கு ஆதாரமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1992இல் டுவாடி, கூடே என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் எண்ணெய்த் தட்டில் காந்தத் திரவத் துளிகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். ஒன்றையொன்று தள்ளி விலகிய துளிகள், வேகமாக விட்டபோது ஏறக்குறைய இதே கோணத்தில் போய் நின்றன. செம்பனைக்கு யாரும் வாய்ப்பாடு சொல்லித் தரவில்லை. புதுக் குருத்து இடம் கிடைத்த பக்கம் முளைக்கிறது, அவ்வளவுதான். காரணம் தெரிந்தபின் என் வியப்பு கூடியதே தவிர குறையவில்லை. இவ்வளவு எளிய விதியை வைத்து ஒரு காட்டையே ஒழுங்காக நிறுத்துகிறவரைத்தான் நான் கும்பிடுகிறேன்.

அப்புறம் ஒன்று. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சிப்பி தங்க விகிதத்தில் (ஃபிபொனாச்சி எண்களோடு சேர்த்துப் பேசப்படும் சுமார் 1.618 என்ற விகிதம்) சுருள்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் தப்பு. சபைக் குழுவில் இனிமேல் அதை அனுப்பாதீங்க, ப்ளீஸ்.