புல்தரையில் ஒரு கைப்பிடி உரோமம்

தோட்டத்துப் புல்தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இரண்டு மூன்று நாளாகவே என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பூச்சி அரித்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் எட்டவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றைக்குப் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும்போது சக்கரம் அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது, போன வேகத்தில் காய்ந்த புல் லேசாக மேலே எழும்பி அமுங்கியது. காற்றே இல்லை. மெஷினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன், மறுபடியும் எழும்பியது, அடியில் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி.

விரலால் புல்லை ஒதுக்கினேன். அடியில் சாம்பலும் பழுப்புமாக உரோமம், தலையணைப் பஞ்சைப் பிரித்துப் போட்டது போல மெத்தென்று. அதையும் விலக்கினால் ஐந்து முயல் குட்டிகள்! ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். கண் திறக்கவில்லை, காதுகள் நிமிராமல் தலையோடு ஒட்டிக் கிடந்தன, நெற்றியில் பொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. வெளிச்சம் பட்டதும் ஐந்தும் ஒரே சமயத்தில் துள்ளி எழுந்து, உடனே ஒன்றின் அடியில் ஒன்று புகுந்துகொண்டன. இன்னொரு சுற்று வந்திருந்தால் மெஷின் நேராக அதன் மேலேயே போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மகள் ஓடி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இதுங்களோட அம்மா எங்கம்மா?"

அதுதான் எனக்கும் கேள்வி. சுற்றிலும் எந்த முயலும் இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தேன், புதருக்கு அடியில் பார்த்தேன், ஒரு மணி நேரம் ஜன்னலிலிருந்து பார்த்தேன், வரவே இல்லை. தாய் செத்திருக்கும் அல்லது மெஷின் சத்தத்தில் பயந்து ஓடியிருக்கும் என்று முடிவு கட்டி, செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, பாலைக்கூட வெதுவெதுப்பாகச் சூடாக்கி வைத்துவிட்டேன். குட்டிகளை எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, வனவிலங்குகளை மீட்டுப் பராமரிக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். அந்தப் போன்தான் அவற்றைக் காப்பாற்றியது.

அவர் கேட்டது இரண்டே விஷயம். குட்டிகள் தொட்டால் சூடாக இருக்கின்றனவா? வயிறு உருண்டையாக இருக்கிறதா, ஒட்டிக் கிடக்கிறதா? சூடாகத்தான் இருந்தன, வயிறும் உருண்டையாகத்தான் இருந்தது. "அப்படின்னா அம்மா காலையில வந்து பால் கொடுத்துட்டுப் போயிருக்கு. இருந்த மாதிரியே மூடிட்டு உள்ள போங்க" என்றார்.

தாய் முயல் கூட்டில் உட்கார்ந்து குட்டிகளைக் காப்பதில்லை. நாய்க்கும் பூனைக்கும் பழகிய நமக்கு இது மனசுக்கு ஒட்டவே ஒட்டாது. முயலுக்குச் சண்டை போடத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அது கூட்டிலேயே இருந்தால் அதன் வாடையே நரிக்கும் நாய்க்கும் வழி காட்டிவிடும். குட்டிகளுக்கோ அந்த வயசில் வாடை ரொம்பக் குறைவு. அதனால் தாய் நாள் முழுக்க எட்டவே இருக்கும், விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் வரும், சில நிமிஷம் பால் கொடுக்கும், போய்விடும். அந்தப் பாலில் கொழுப்பும் புரதமும் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் குட்டிகளுக்கு அதுவே அடுத்த வேளை வரைக்கும் போதும். நான் சூடாக்கி வைத்த பாலைக் கொடுத்திருந்தால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வந்திருக்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போயிருக்கும். அன்போடு எடுத்து வளர்க்கப்படும் காட்டு முயல் குட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் செத்துப்போகின்றன. மனிதக் கை பட்டு, சத்தம் கேட்டு, பயத்திலேயே உயிரை விடுவதும் உண்டு. பல இடங்களில் அனுமதி இல்லாமல் காட்டு முயலை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

சரி, இது என்ன முயல் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூடு இப்படி இருப்பதற்குக் காரணமே அதுதான். எங்கள் தோட்டத்துக்கு வந்தது காட்டன்டெயில், வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் வகை, வால் பஞ்சு உருண்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இது வளை தோண்டாது. தரையில் ஒரு சாண் அகலத்துக்குள், நாலு விரல்கடை ஆழத்துக்குச் சின்னப் பள்ளம் பறித்து, காய்ந்த புல்லைப் போட்டு, அதன்மேல் தன் நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கும் உரோமத்தை வாயாலேயே பிடுங்கிப் பரப்பும். குட்டிகளுக்கு மெத்தையும் ஆயிற்று, உரோமம் போன இடத்தில் காம்பும் எட்டும். ஐரோப்பிய முயல் வேறு மாதிரி, அது வளைக்குள் கூட்டமாக வாழும், குட்டி போடத் தனியாக ஒரு சின்ன வளை தோண்டி வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். நாம் கூண்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாம் அதன் வழி வந்தவைதான். இந்தியாவில் இருக்கும் காட்டு முயல் இந்த இரண்டிலும் சேராது. அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் உரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும், அதற்குக் கூடே தேவையில்லை. தமிழில் எல்லாவற்றுக்கும் நாம் முயல் என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் காட்டு முயலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக்கூட இந்த உரோமக் கூடு புதுசாகத்தான் இருக்கும்.

புல்தரையின் நட்டநடுவிலா கூடு கட்டும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புதரோரம் என்றால் எதிரி மறைந்து வர வசதி, வெட்டவெளி என்றால் தாய்க்கு நாலு பக்கமும் கண் எட்டும். அங்கே கூடு இருக்கும் என்று யாரும் தேடவும் மாட்டார்கள்.

தாய் உண்மையிலேயே வருகிறதா என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி சொன்னார். கூட்டை மூடிவிட்டு, அதன் மேல் நாலு சணல் கயிறைக் குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் போட்ட மாதிரி வைக்க வேண்டும். கயிறு இல்லையென்றால் மெல்லிய சுள்ளி. மறுநாள் கயிறு கலைந்திருந்து கூடு மூடியிருந்தால் தாய் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். முழுசாக ஒரு நாள் கழித்தும் கயிறு வைத்தது வைத்தபடியே இருந்து, குட்டிகள் தொட்டால் ஜில்லென்று இருந்தாலோ வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தாலோ தவிர, கை வைக்கவே கூடாது. அப்படி இருந்தாலும் நேராக மீட்பு மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நாமே வளர்க்கப் பார்க்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மகளும் நானும் மாடி ஜன்னலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நன்றாக இருட்டிக்கொண்டு வந்தபோது வேலிக்கு அடியிலிருந்து அது வந்தது. நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. பத்தடி தள்ளி நின்று ஏதோ கொறித்தது, காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடியும் சிலையாக நின்றது. அப்புறம் சட்டென்று இரண்டு தாவலில் கூட்டின் மேல் போய், முன்காலால் புல்லைச் சீய்த்து விலக்கிவிட்டு அப்படியே கவிந்து நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் புல் அலை அலையாக அசைந்தது. நாலு நிமிஷம்கூட இருக்காது. இறங்கி, உரோமத்தையும் புல்லையும் வாயாலும் காலாலும் இழுத்து மூடி, தட்டிவிட்டு, வந்த வழியே போகாமல் வேறு பக்கமாகப் போய்விட்டது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் நாங்கள் பேசவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே கவலை எங்கள் வீட்டு நாய். முதல் நாளே கூட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டுவைத்தேன், பகலில் துணி போடும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்தேன், பொழுது சாய்வதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் தாயால் உள்ளே போக முடியாது. நாயைக் கயிறு போட்டுத்தான் வெளியே விட்டோம். அப்படியும் ஐந்தாம் நாள் ஒரு நிமிஷம் கவனம் பிசகி, அது கூடையைத் தள்ளிவிட்டு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. "விடு" என்றதும் என் காலடியில் வைத்தது. குட்டி எச்சிலில் நனைந்து, அசையாமல், கண்ணை மட்டும் அகல விழித்துக்கொண்டு கிடந்தது. கண் முந்தின நாள்தான் திறந்திருந்தது. கையுறை போட்டு எடுத்து, உரோமத்தை ஊதி ஊதி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், எங்கேயும் பல் படவில்லை. துடைத்து மற்றவற்றோடு வைத்துவிட்டேன். பூனை கவ்வியிருந்தால் காயம் தெரியாவிட்டாலும் உடனே கொண்டுபோக வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், பூனை வாயில் இருக்கும் கிருமி முயலுக்கு ஆகவே ஆகாது, ஊசி முனை அளவுக்குப் பல் இறங்கினாலே இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

இத்தனைக்கும் தாய் அன்று சாயங்காலம் வந்தது. மனித வாடை பட்டால் தாய் குட்டியைச் சேர்க்காது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம், பறவைக் குஞ்சுக்கும் அதையே சொல்வார்கள். அது உண்மை இல்லை. மனித வாடை, நாய் எச்சில் எல்லாம் பட்ட அந்தக் குட்டிக்கும் சேர்த்துத்தான் அது பால் கொடுத்தது. அதற்காகத் தூக்கிக் கொஞ்சலாம் என்று அர்த்தமில்லை, நாம் ஒவ்வொரு முறை போகும்போதும் கூட்டுக்கு ஒரு தடம் போட்டுவிடுகிறோம்.

கூட்டை வேலியோரமாக மாற்றி வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தாய்க்கு இடம்தான் அடையாளம். நாலு அடி ஐந்து அடி தள்ளி வைத்தாலே, வந்து பழைய இடத்தில் தேடிவிட்டுப் போய்விடக்கூடும், குட்டிகள் புது இடத்தில் பசியில் கிடக்கும்.

கண்டுபிடித்த பன்னிரண்டாம் நாள் கூடு காலியாக இருந்தது. நரியோ பூனையோ கலைத்திருந்தால் உரோமம் சிதறிக் கிடந்திருக்கும், இங்கே எல்லாம் அமுங்கி, நடுவில் குழி விழுந்து, படுத்து எழுந்த படுக்கை மாதிரி இருந்தது. பிறந்து இரண்டு வாரம், இரண்டரை வாரத்திலேயே அவை கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். அந்த வயசில் கைக்குள் அடங்கும் அளவில்தான் இருக்கும், பார்த்தால் ஐயோ பாவம் என்று தோன்றும், அநாதை என்று நினைத்து நிறையப் பேர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கண் திறந்து, காது நிமிர்ந்து, நாம் கிட்டப் போனால் ஓடுகிறது என்றால் அதற்கு நம் உதவி வேண்டாம். இரண்டு நாள் கழித்துச் செடித் தொட்டிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்தேன், புல்லின் ஒரு இலையை நுனியிலிருந்து நூடுல்ஸ் உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வயசைத் தாண்டாது என்று படித்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே அந்த நினைப்பு வந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

குட்டி போட்ட அன்றைக்கே தாய் மறுபடியும் இணை சேர்ந்துவிடும், கர்ப்ப காலம் ஏறக்குறைய 28 நாள். அது தெரிந்திருந்தும் நான் எதிர்பார்க்கவில்லை, போன வாரம் பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திருப்பப்போன நேரத்தில், கொடிக்கு அடியில் அதே சாம்பல் உரோமம். குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டேன், அந்தப் பள்ளம் நிரம்பியிருந்தால் கண் திறக்காத குட்டிகள் மூழ்கியிருக்கும். இந்த முறை நாலு குட்டி. இப்போது அந்தப் பாத்திக்கு மட்டும் குவளையில் மொண்டு செடியின் அடியில் ஊற்றுகிறேன். பீன்ஸ் கொழுந்துகள் நிறைய போய்விட்டன, கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியது போல இருக்கிறது, முயல் கடித்தால் அப்படித்தான் இருக்கும். குட்டிகள் போன பிறகு முட்டளவு உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, அடியை மண்ணில் புதைத்துவிடுவேன். அதுவரைக்கும் அந்த வரிசை அவற்றுக்கே.

நேற்று இருட்டுவதற்கு முன் மகள்தான் கயிறு வைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. இன்று காலை போய்ப் பார்த்தோம். நாலு கயிறும் விலகியிருந்தன, கூடு மூடியிருந்தது.