மூன்று சென்டிமீட்டர்

போன மாதம் சைட்டில் ஒரு கதவு நிலை கொஞ்சம் சாய்ந்து நின்றது. தூக்குக்குண்டு பிடிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "கால் இஞ்ச்தானே மேடம், பூச்சுல சரி பண்ணிடலாம்" என்றார் மேஸ்திரி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, தத்துவஞானி விட்கென்ஸ்டைன் ஞாபகம்தான்.

வியன்னாவில் குண்ட்மான்காஸே தெருவில் அவர் தன் அக்கா மார்கரெட்டுக்குக் கட்டிய வீடு இருக்கிறது. 1926இல் தொடங்கி 1928இல் முடிந்தது. முதலில் வரைந்தவர் பால் ஏங்கல்மான், அலங்காரத்தை எதிர்த்த கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லோஸின் மாணவர். நடுவில் புகுந்த நம்ம ஆள் கதவு, ஜன்னல், பூட்டு, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றிலும் உயிரை எடுத்தார். ஒரு மில்லிமீட்டர் உங்களுக்கு அவ்வளவு முக்கியமா என்று பூட்டுக்காரர் கேட்டு முடிப்பதற்குள் "ஆமாம்!" என்று கத்தினாராம். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவித் துடைக்கப் போகிற நேரத்தில், பெரிய அறையின் சீலிங்கை 3 சென்டிமீட்டர் உயர்த்த வைத்தார். இன்னொரு அக்கா ஹெர்மினே எழுதி வைத்த கதை இது.

அலங்காரம் கிடையாது, திரைச்சீலை கிடையாது, வெறும் பல்பு. அதனால் எண் போட்ட வாக்கியங்களால் ஆன அவருடைய தர்க்க நூலான டிராக்டேட்டஸைத்தான் கல்லில் கட்டிவிட்டார் என்பார்கள். கல்லூரியில் நானும் அப்படி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது ஒப்பவில்லை. அந்த 3 சென்டிமீட்டரை எந்தத் தர்க்கத்திலிருந்து வரவழைப்பது? நின்று பார்த்த கண் சொன்ன கணக்கு அது.

தத்துவத்துக்கும் கட்டடத்துக்கும் நேரடி உறவு வேண்டுமென்றால் ஜெர்மனியின் டெஸ்ஸாவுக்குப் போகலாம். 1929இல் தத்துவஞானி ருடால்ஃப் கார்னாப் அங்கிருந்த பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் போய் உரையாற்றினார். அதற்கு முந்தைய வருடம் வந்த அவர் புத்தகத்தின் தலைப்பிலேயே 'கட்டுமானம்' இருக்கிறது. எளிய அடிப்படைகளிலிருந்து படிப்படியாக மேலே எழுப்புவது, ஒட்டுவேலையை உதறுவது: இரு தரப்புக்கும் ஒரே ஆசை. அங்கே அது பொருந்துகிறது.

விட்கென்ஸ்டைனே பிற்பாடு, 1940 வாக்கில், அக்காவுக்குக் கட்டிய வீட்டில் நுட்பமான காதும் நல்ல பண்பும் உண்டு, ஆனால் பீறிட்டு வரும் முரட்டு உயிர் இல்லை என்று குறித்து வைத்தார். ஹெர்மினேவும் வீட்டை ரசித்தாரே தவிர, அதில் குடியிருக்கத் தன்னால் முடியாது என்றுதான் நினைத்தார். தெய்வங்கள் வசிக்கிற இடமாகத் தோன்றியதாம்.

இங்கே பூச்சு முடிந்துவிட்டது. நேற்றும் போய் நின்று பார்த்தேன். மேஸ்திரிக்குத் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.