வெறி இல்லாத இடத்தில்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று நடந்ததை இன்றே எழுதி வைக்கிறேன். நாளைக்குள் இது ஆளுக்கொரு கதையாக மாறிவிடும்.

இடைவேளையில் வேறு பிரிவிலிருந்து ஒரு மூத்தவர் எங்கள் பக்கம் வந்தார். நல்ல மனிதர், எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுவார். என் பக்கத்து மேசைத் தோழியிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். அவள் கறுப்பினப் பெண். நாங்கள் வேலை பார்க்கும் இதே நகரத்தின் பெயரைச் சொன்னாள். "அது சரி, நிஜமா எந்த ஊர்?" என்றார். அதே பெயரைத் திரும்பச் சொன்னாள். அப்பா அம்மா எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டார். அவர்களும் இங்கே பிறந்தவர்கள்தான் என்றாள். "அதுக்கும் முன்னாடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவளும் சிரித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் போனதும் இது இனவெறியா இல்லையா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. ஒருவர் சந்தேகமே இல்லை என்றார். இன்னொருவர், இதற்கெல்லாமா அந்த வார்த்தை என்று தலையில் கைவைத்தார். நான், "சும்மா பேச்சுக்குத்தானே கேட்டார்" என்றேன். யாரைப் பார்த்தாலும் ஊரைக் கேட்டுத்தான் எனக்கும் பேச்சு தொடங்கும். அதில் அன்பைத் தவிர வேறொன்று இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

கிளம்பும்போது அவளிடமும் அதையே சொன்னேன், அவர் மனதில் ஒன்றுமில்லை என்று. அவள் கோபப்படவில்லை. ஊரைக் கேட்டது தப்பில்லை, சொன்ன பதிலை ஏற்றுக்கொள்ளாததுதான் என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அதே மேசையில் இருந்த ஒருவர் போன வருடம்தான் வெளிநாட்டிலிருந்து வந்தார். வெள்ளையர். அவரிடம் மூத்தவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "கவனிச்சியா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவனுக்கு என் தோழி மேல்தான் எரிச்சல். "ஏம்மா, எல்லாத்துக்கும் இனவெறின்னு பேர் வெச்சா நிஜமா நடக்கும்போது யார் நம்புவாங்க?"

அவன் சும்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்பு வாடகைக்கு வீடு தேடியபோது, போனில் "இன்றைக்கே வந்து பாருங்கள்" என்று சொன்ன வீட்டில், ஆளைப் பார்த்ததும் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. அந்தச் சமயத்தில் அவன் மூன்று மாதம் ஒரு நண்பனின் அறையில் தரையில் படுத்தான். "அதுதான் இனவெறி. ஊர் கேக்கறது இல்ல" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. பெரிய அடி வாங்கியவன் சின்னச் சீண்டலைக் கணக்கில் சேர்க்க மாட்டான் போலிருக்கிறது. அவனுடைய அளவுகோல் அவன் பட்ட பாட்டில் செய்தது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே அளவுகோலால் அவள் பட்டதை அளக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு சொல்லையே சுற்றி வருகிறேன்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் இனவெறி, நிறவெறி. இரண்டிலும் வெறி இருக்கிறது. வெறி என்றதும் கண் சிவந்து, நரம்பு புடைத்து, கையில் கல்லோடு நிற்கும் ஓர் ஆள்தான் மனதில் வருகிறான். சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்டவருக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? "எனக்கு எங்கே வெறி இருக்கிறது?" என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்பார். உண்மையாகவே இருக்காது. இலங்கைத் தமிழர் இனவாதம் என்பார்கள். அதில் வெறி இல்லை, ஆனால் ஒரு கொள்கை இருக்கிறது. கொள்கையே இல்லாமல் பழக்கத்தில் ஒன்றைச் செய்பவருக்கு அதுவும் பொருந்தாது. பாகுபாடு என்ற சொல் மட்டும்தான் ஆளை விட்டுவிட்டுச் செயலைப் பிடிக்கிறது. அதுவோ அரசாங்கப் படிவத்தில் மட்டும் வாழும் சொல்லாக ஆகிவிட்டது.

எல்லாவகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் முதல் பிரிவை இன்று உட்கார்ந்து படித்தேன். பொதுச் சபை 1965 டிசம்பர் 21 அன்று ஏற்றது, 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு, இவற்றை வைத்து ஒருவரை வேறுபடுத்துவது, விலக்குவது, கட்டுப்படுத்துவது, இன்னொருவருக்கு முன்னுரிமை தருவது என்று அடுக்கிவிட்டு, சம உரிமையைக் குலைக்கும் நோக்கமோ விளைவோ அதில் இருந்தால் அது பாகுபாடு என்கிறது. நோக்கமோ விளைவோ. இரண்டில் ஒன்று போதும். நாங்கள் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் சண்டை போட்டது முழுக்க நோக்கத்தைப் பற்றித்தான்.

இது பொது வாழ்வின் உரிமைகளுக்காக எழுதிய வரையறை, இடைவேளைப் பேச்சுக்காக எழுதியதல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் எதைக் கேட்கத் தவறுகிறோம் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

அதில் வம்சாவளி என்று ஒரு சொல் இருக்கிறதே, அது சாதியையும் உள்ளடக்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழில் படிக்கிற நாம் இதை அடுத்தவர் வீட்டுப் பிரச்சினையாக வைத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 10, திங்கள்

விஷயம் அந்த மூத்தவர் காதுக்குப் போய்விட்டது. யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. "உங்களை இனவெறியர் என்கிறார்கள்" என்ற அளவுக்குச் சுருங்கித்தான் போயிருக்கிறது. மனிதர் இடிந்துபோய்விட்டார். இத்தனை வருடம் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று கண்கலங்கியதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. காலையிலிருந்து அவர் அறைக்கு ஆட்கள் போய்வந்தபடி இருந்தார்கள். தோளில் தட்டினார்கள், உங்களை எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். என் பக்கத்து மேசைக்கு ஒருவரும் வரவில்லை. நாள் முழுக்க அவள் திரையைப் பார்த்தபடி வேலை செய்தாள். அவளிடம் நின்று பேசினால் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். எனக்கும்தான். மதியத்துக்கு மேல்தான் எழுந்து போய்ப் பேசினேன்.

அவர் நல்லவரா இல்லையா என்பதே எல்லோருக்கும் விஷயமாகிவிட்டது. அன்று நடந்தது என்ன என்று கேட்க ஆளில்லை. அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம், நானும் அப்படித்தான் நம்புகிறேன். அவள் சொன்ன பதில் மூன்று முறை தள்ளுபடியானது அதனால் இல்லாமல் போகுமா?

இந்த மாதிரிச் சின்னக் குத்தல்களுக்கு மைக்ரோஅக்ரெஷன் என்று 1970இல் பெயர் வைத்தவர் செஸ்டர் பியர்ஸ், கறுப்பினத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பம், சேர்ந்து சேர்ந்துதான் கனம் ஏறும் என்பது அவர் கண்டது. கேட்பவருக்கு இது இன்றைக்கு ஒரு தடவை. அவளுக்கு எத்தனையாவது தடவை என்று கேட்டேன். எண்ணுவதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன் என்றாள்.

மார்ச் 12, புதன்

இன்று வேறொரு சண்டை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் கறுப்பினத்தவரிடம் அதிகம் தப்பாகக் காட்டுகிறது என்ற ஓர் ஆய்வைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். கருவிக்குமா நிறவெறி என்று ஒருவர் கொதித்தார்.

2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்தில், அதே நோயாளியின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்த சந்தர்ப்பங்கள், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6. விரல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி அது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். அதற்குத் தக்கபடி கருவியைப் போதுமான அளவு சரிபார்த்து அமைக்கவில்லை. செய்தவர் யாருக்கும் வெறுப்பு இருந்திருக்க வேண்டியதில்லை. தங்களைப் போன்ற தோலையே தோல் என்று எடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

கருவியை நிறவெறி பிடித்தது என்று சொன்னால் கேட்க அபத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அபத்தம் நம் சொல்லில்தான் இருக்கிறது. மூச்சுத் திணறிக் கிடப்பவருக்கு "அளவு சரியாக இருக்கிறது" என்று சொல்லப்பட்டதில் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

2004இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி நேற்று படித்தேன். மரியன் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் பெயர் போல் ஒலிக்கும் பெயரா, வெள்ளையர் பெயர் போல் ஒலிக்கும் பெயரா என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். வெள்ளையர் பெயருக்கு 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது, கறுப்பினப் பெயருக்கு 15க்கு ஒன்று. அந்த அலுவலகங்களில் எந்த ஒருவரைக் கேட்டாலும், தகுதியைத்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்வார். பொய் சொல்வதாகவும் அவருக்குத் தோன்றாது.

படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆள் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். ஒருவருடைய உச்சரிப்பு எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "பேச்சுத் தெளிவு போதாது" என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அதே நாளில் வந்த இன்னொருவரின் பேச்சும் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவர் ஐரோப்பியர். அவர் பேசும்போது முன்னால் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். புரியாதது என் குறை என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குக் குறைக்கவில்லை.

எனக்கு வெறி இல்லை. வெறுப்பும் இல்லை. என் உச்சரிப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். அதெல்லாம் சேர்ந்தும் அன்றைக்கு என் கையைத் தடுக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. என் மதிப்பெண்ணால்தானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று எத்தனை முறை சொல்லக் கேட்டிருக்கிறேன், பாராட்டாக. சொன்னவர்கள் பாசமாகத்தான் சொன்னார்கள். அந்த "இருந்தாலும்" யார் கண்ணிலும் பட்டதில்லை.

மார்ச் 19, புதன்

எல்லாப் புகாரும் சரியென்று நான் சொல்ல வரவில்லை. இன்று ஒரு நண்பர் தன் அறிக்கையைத் திருப்பி அனுப்பியதற்கு நிறம்தான் காரணம் என்றார். பார்த்தேன். அந்த மேலாளர் அந்த வாரம் வந்த எல்லா அறிக்கையையும் திருப்பி அனுப்பியிருந்தார், என்னுடையதையும் சேர்த்து. அதைச் சொன்னேன். நண்பர் முகம் வாடிவிட்டது. நான் சொன்னது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் பார்க்காமல் சொல்லவில்லை, அது முக்கியம். பிரிட்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கைப் போலீஸ் கையாண்ட விதத்தை விசாரித்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றது. சொன்னவுடன் தீர்ப்பா என்று பலர் அதைத் திட்டுகிறார்கள். அது தீர்ப்புக்கான விதியே அல்ல. பதிவு செய், பிறகு விசாரி என்பதற்கான விதி. முதல் படியிலேயே "அப்படியெல்லாம் இருக்காது" என்று கதவைச் சாத்தாதே என்பதுதான் அதன் பொருள். 4ஆம் தேதி மாலை என் தோழியிடம் நான் செய்தது அந்தச் சாத்தல்தான்.

மார்ச் 21, வெள்ளி

இன்று இனப் பாகுபாட்டு ஒழிப்புக்கான சர்வதேச நாள். 1960இல் இதே தேதியில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கடவுப் புத்தகச் சட்டங்களை எதிர்த்துக் கூடிய மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள்.

அலுவலகத்தில் ஒருவர், இதன் முன்னால் நம்முடைய பஞ்சாயத்து எவ்வளவு அற்பம் பாருங்கள் என்றார். எனக்கும் ஒரு கணம் கூச்சமாகத்தான் இருந்தது. பக்கத்தில் வைக்கக்கூடிய விஷயங்களே அல்ல. ஆனால் அந்தக் கடவுப் புத்தகம் எதற்கு? கறுப்பின மனிதர் ஒருவரைத் தெருவில் நிறுத்தி, உனக்கு இங்கே இருக்க அனுமதி உண்டா, நீ எந்த இடத்தைச் சேர்ந்தவன் என்று கேட்பதற்கு. அந்தக் கேள்வி சட்டமாக இருந்தது, துப்பாக்கியோடு இருந்தது. இப்போது அது சட்டத்திலும் இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. சிரித்த முகத்தில் மிச்சம் இருக்கிறது.

மூத்தவர் சாயங்காலம் என் தோழியிடம் வந்தார். நான் எழுந்து போய்விட்டேன், அவர்கள் பேச்சு அவர்களோடு. திரும்பி வந்தபோது, என்ன வேண்டும் என்று அவர் கேட்டதாக மட்டும் சொன்னாள். முதல் பதிலை நம்பினால் போதும் என்றாளாம்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேர்வுக் குழு விஷயத்தையும். அதைக் கேட்டு, "உன்னையே ஏன் இப்படி வதைச்சுக்கறே" என்றான். வதைத்துக்கொள்ளவில்லை, அடுத்த மாதம் மறுபடியும் அந்தக் குழுவில் இருக்கிறேன், "பேச்சுத் தெளிவு" என்ற கட்டத்தை நிரப்பும் எவரும் எந்தக் கேள்விக்கு வந்த பதில் புரியவில்லை என்று எழுத வேண்டும் எனக் கேட்கப்போகிறேன் என்றேன். சரி, அது நல்லது என்றான். ஊர் விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

அந்த வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று கேட்டேன். கதவைத் திறந்ததும் முதலில் என்ன கேட்டார்கள் என்று.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எந்த ஊர்னுதான் கேட்டாங்க" என்றான். அப்புறம், "அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடாது" என்றான்.

ஒன்றாகாதுதான் என்றேன். அவனும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.