61ஆவது அலகின் விலை

2025 ஆகஸ்டில் இலங்கை மலையகத்தில் உள்ள தலவாக்கலை வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அறுநூறு ரூபாய்க்குள் அடங்கும் மின்பட்டியல் அந்த மாதம் ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருந்தது. "மீட்டர் பார்க்க வந்த தம்பி பிழையா எழுதிட்டாரோ?" என்று கேட்டார்.

பட்டியலில் இருந்த இரண்டு வாசிப்புகளையும் சொல்லச் சொன்னேன்: 8412, 8473. கழித்தால் 61 அலகுகள் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி). மீட்டரிலும் அதற்குப் பொருந்தும் எண்ணே இருந்தது. (பழைய மீட்டரில் கடைசியாகச் சிவப்பில் தெரியும் இலக்கம் அலகில் பத்திலொரு பங்கு மட்டுமே, அதையும் சேர்த்து வாசித்துவிட்டுப் பதறுபவர்கள் எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, உண்டு.) வாசிப்புகளுக்கு இடையே சரியாக 30 நாட்கள். நாட்கள் கூடியிருந்தால் கட்டணம் மாறும் அலகு எல்லைகளும் அதே விகிதத்தில் கூடியிருக்கும் என்பதால் அதையும் பார்க்க வேண்டியிருந்தது.

பிழை எங்குமில்லை. அந்த ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு தலா 4.50 ரூபாய், அடுத்த 30 அலகு தலா 8 ரூபாய், நிலையான கட்டணம் 210 ரூபாய். மொத்தம் 585 ரூபாய். 61ஐத் தொட்டதும் அந்த ஓர் அலகுக்கு 18.50 ரூபாய் ஆனதோடு, முந்தைய 60 அலகுகளும் தலா 12.75 ரூபாய்க்கு மாறி, நிலையான கட்டணமும் 400 ஆகிவிட்டது. மொத்தம் 1183.50 ரூபாய், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி அதற்கு மேல். ஓர் அலகுக்காக 598.50 ரூபாய் கூடியது விதிப்படி சரிதான். நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்றால் தெரியும் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 150 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்கு நீர் கொடுக்கிறது. விலை மட்டும் எங்களுக்கும் கொழும்புக்கும் ஒன்றே.

கூடிய அலகுகளுக்குக் காரணம் தங்கை வாங்கிக் கொடுத்த 1500 வாட் மின்கேத்தல். நாளொன்றுக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் என்றாலே மாதத்துக்கு 22 அலகுக்கு மேல் போகும்.

இப்போது அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் எண்ணைக் கலண்டரில் குறித்துக்கொள்கிறார். வாரத்துக்கு 14 அலகைத் தாண்டினால் கேத்தல் அலுமாரிக்குள் போய்விடும், தேநீருக்கு விறகடுப்புதான்.