சலவை சோப்பில் ஒரு கோயில் தூண்: நாலு வாரக் கணக்கு

கோயில் கட்டுமானச் சொற்களைப் படிக்க உட்கார்ந்து நாலு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் வீண். கோயில் அடித்தளத்தின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சேலம் பக்கத்தில் இருக்கும் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் போய் நின்றால் எது ஜகதி, எது பட்டிகை என்று விரல் நீட்டத் தெரியவில்லை. குமுதம் என்றதும் பெட்டிக்கடை வார இதழ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாவது வாரம் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலுமாகச் சேலத்தில் பஸ் ஏறினேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து கீழிருந்து மேலாக வரைவது, வரைந்த பிறகுதான் பெயர் எழுதுவது என்று கணக்கு. அப்புறம்தான் கொஞ்சம் பிடிபட்டது. குமுதம் உருண்டிருந்தால் விருத்த குமுதம், பட்டை தீட்டியிருந்தால் முப்பட்டைக் குமுதம். மேல்வரிசையில் பட்டிகை வந்தால் அந்த அடித்தளம் பாதபந்தம் என்ற வகை. அந்த இடத்தில் யாளி வரிசை ஓடினால் பிரதிபந்தம். கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கைக்குக் கபோதம் என்றும் பெயர் உண்டு. கபோதம் என்றால் புறா. நான் வரைந்துகொண்டிருந்தபோது அதன்மேல் இரண்டு புறா உட்கார்ந்திருந்தன. இந்த ஒரு சொல் இனி மறக்காது.

இந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைப் பார்ப்பார்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவதையும், வாலி பக்கம் போனால் ராமன் மறைந்துவிடுவதையும் பார்ப்பார்கள். நானும் இத்தனை வருஷம் அதோடு திரும்பியவன்தான். தூணையும் உத்தரத்தையும் இணைக்கும் போதிகையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கோயிலின் காலத்தை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பல்லவர், முற்காலச் சோழர் கோயில்களில் அலை அலையாக வரி விழுந்த தரங்கப் போதிகை. சோழர் காலத்திலேயே கோணமாக வெட்டிய வெட்டுப் போதிகையும் வந்துவிட்டது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தலைகீழ் மொட்டு தொங்கும் புஷ்பப் போதிகை. இந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டி முடித்த கோயில் இது. இங்கே தொங்குவது மொட்டுதான்.

பூக்கட்டும் அம்மா ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "வாழப்பூவாட்டம் தொங்குதே, அதையா வரையற கண்ணு?"

"ஆமாங்கம்மா."

புஷ்பப் போதிகை என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் வாழைப்பூ என்றும் எழுதிக்கொண்டேன்.

நோட்டில் 'எண்பட்டைத் தூண்' என்று எழுதியாயிற்று. சரி, சதுரக் கல்லை எப்படி எண்பட்டை ஆக்குவது? நீளமான சலவை சோப்பு ஒன்றை 5 சென்டிமீட்டர் சதுரமாகச் சீவி, பக்கங்களை மூன்று சம பாகமாக்கி மூலைகளை வெட்டினேன். எட்டுப் பட்டை வந்தது. ஆனால் நாலு குறுகல், நாலு அகலம். மேஜையில் உருட்டினால் நொண்டியது.

இரண்டாவது சோப்புக்குக் காம்பஸ் எடுத்தேன். சதுர முகத்தில் இரண்டு மூலைவிட்டமும் போட்டு, முள்ளை ஒரு மூலையிலும் பென்சிலை நடுப்புள்ளியிலும் வைத்து வில் போட வேண்டும். அது அந்த மூலையை ஒட்டிய இரண்டு பக்கத்தையும் வெட்டும். நாலு மூலைக்கும் போட்டால் எட்டுப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் அதற்குக் கிட்ட இருக்கும் மூலையிலிருந்து அளந்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய வருகிறது. முதல் தடவை நான் வைத்தது 1.67. இரண்டு மில்லிமீட்டர் பிசகில் தூணே கோணிவிட்டது.

அடியில் கொஞ்சம் சதுரமாகவே விட்டிருந்தேன். சதுரம் முடிந்து எண்பட்டை தொடங்கும் இடத்தில் நாலு மூலையிலும் முக்கோணமாகச் சோப்பு மிஞ்சியது. சீவி எறியப் போனவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கோயில் தூணில் சரியாக அதே மூலையில்தான் பாம்பு படமெடுத்த மாதிரி நாகபந்தம் இருக்கிறது! இரண்டு வாரம் மனப்பாடம் செய்தும் ஒட்டாத சொல் இது.

தூணின் மேற்பகுதியில் கலசம், தாடி, குடம், இதழ், பலகை என்ற வரிசை இன்னும் குழப்புகிறது. தாடிக்கு மேல் குடமா, குடத்துக்கு மேல் தாடியா என்று நேற்றும் தடுமாறினேன் (தாடி கீழே). அதைச் செதுக்க மூன்றாவது சோப்பு வேண்டும். முதலிரண்டின் சீவல்களை அம்மா வாளியில் கரைத்துத் துணி ஊறவைத்துவிட்டார்.